இரண்டாம் தடவை வந்த வீடு

நம் சந்தின் வைத்தியசாலைக்கு ஒரு மலர் வெளியிடப் போவதாகவும், பழைய தொண்டர்களைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றும் உங்கள் கடிதம் வந்தது. தாராவியில் என்னோடு புழுதியில் புரண்டவர்களில் இப்போது மிச்சம் இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அத்தனை பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிறபடி எழுத எனக்கு வராது. பிடிக்காவிட்டால் போடவேண்டாம். வெட்டிப் போடுவதாக இருந்தால் மட்டும் என் பெயரையும் சேர்த்து வெட்டிவிடுங்கள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. ஊறுகிற தோலின் நாற்றமும், சுண்ணாம்பின் காரமும், பின்பக்கத்து உப்பங்கழிச் சேற்றின் வாடையும் சேர்ந்ததுதான் நமக்குக் காற்று. வெளியாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தபோதுதான் அது நாற்றம் என்றே நமக்குத் தெரிந்தது.

என் அப்பா தோல் கம்பெனியில் முதலில் சுண்ணாம்புக் குழியில் இருந்தார். பிறகு குரோம் தொட்டிக்கு மாற்றினார்கள். ஆரஞ்சுத் தோல் நிறத்தில் ஓர் உப்பைக் கரைத்து, அதில் தோலைப் போட்டு, கையால் புரட்டிப் புரட்டி எடுக்கிற வேலை. கையுறை கிடையாது. அவருடைய உள்ளங்கை பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி தடித்திருக்கும். விரல் முட்டிகளில் வட்டம் வட்டமாகத் தோண்டி எடுத்ததுபோல் சிறு குழிகள். சில ஆறி வெளிறிப்போயிருக்கும், சில ஈரமாக இருக்கும். "வலிக்காப்பா?" என்று கேட்டால், "அது செத்த தோலு, அதுக்கு என்ன தெரியும்?" என்பார். பீடி பற்றவைக்க அடுப்பிலிருந்து நெருப்புக் கங்கை இரண்டு விரலால் எடுப்பார். அதைப் பார்க்க நீங்கள் எல்லாரும் எங்கள் வாசலில் வட்டமாக நிற்பீர்கள். அப்பா வேண்டுமென்றே மெதுவாக, ஒரு முறுக்கை எடுப்பதுபோல் எடுப்பார். எனக்கு அப்படி ஒரு பெருமை.

எங்களோடு மாமா இருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளையை அம்மாதான் தூக்கி வளர்த்து பம்பாய்க்கும் கூட்டிவந்தாள். மெட்ரிக் தேறி ஒரு குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் கறுக்காது. சாப்பாடு எங்கள் வீட்டில். அவருக்கென்று பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்று உண்டு, அதில் வேறு யாருக்கும் சோறு போடமாட்டாள் அம்மா.

அந்த மாமாவும், தமிழ்ப் பள்ளி வாத்தியாரும், இன்னும் பத்துப் பன்னிரண்டு இளைஞர்களும் சேர்ந்ததுதான் நம் சந்தின் தொண்டர் சங்கம். வாத்தியார் தலைவர். அவர்கள் செய்த நல்லதை நான் மறைக்கவில்லை. சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். ஒழுகிய குழாயைச் சரிசெய்ய வைத்தார்கள். பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை நாற்காலியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதுவரைக்கும் தெரு அவர்களைக் கும்பிட்டது. நாங்களும்தான்.

பிறகு பெருநோயை, அதாவது குஷ்டத்தை, கண்டுபிடிக்கக் கிளம்பினார்கள். வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தார். சீக்கிரம் கண்டுபிடித்து வாராவாரம் எண்ணெய் ஊசி போட்டால் விரல் போகாது, மூக்கு போகாது என்றார். அது உண்மைதான். ஆளுக்கு ஒரு கோழி இறகு, ஒரு குண்டூசி, ஒரு நோட்டு. கண்ணை மூடச் சொல்லி இறகால் தொடுவார்கள், ஊசியால் லேசாகக் குத்துவார்கள். எங்கே பட்டது என்று தொட்டுக் காட்டவேண்டும். நாம் அதை விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? குப்பையில் கிடந்த இறகைப் பொறுக்கி வந்து, ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பொத்தி, "எங்கன பட்டுச்சு, சொல்லு" என்று கேட்டு, தப்பாகச் சொன்னவரைத் தெருக்கோடி வரை துரத்துவோம்.

எங்கள் வீட்டுக்கு மாமாவேதான் நோட்டோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா, நான், பிறகு அப்பா. அப்பா சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

"குத்து மாப்ள. ஒன் அக்கா குத்தாத குத்தா?"

மாமா குத்தினார். அப்பா சும்மா இருந்தார். மறுபடியும் குத்தினார். விரல் முட்டியில், புறங்கையில், கட்டைவிரலின் ஓரத்தில்.

"எப்ப மாப்ள குத்தப் போறே?" என்றார் அப்பா, கண்ணை மூடியபடியே.

அவர் புறங்கையில் கடுகளவு ரத்தம் நின்றது. மாமாவின் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குனிந்து நோட்டில் எழுதினார். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை.

பெயர்களை வெளியில் விடமாட்டோம் என்று சங்கம் சத்தியம் செய்திருந்தது. அந்தச் சத்தியத்தை அவர்கள் காப்பாற்றவும் செய்தார்கள். யாரும் வாய்திறக்கவில்லை. ஆனால் முதல் தடவை எல்லா வீட்டுக்கும் போனவர்கள், இரண்டாம் தடவை சில வீடுகளுக்கு மட்டும் போனார்கள், எங்கள் வீட்டுக்கும். நான்கு பேர், வெள்ளைச் சட்டை, மார்பில் தகர வில்லை. தெரு வாசலில் நின்று எண்ணிக்கொண்டது. இது ஒரு படித்த ஆளுக்கும் தோன்றவில்லை. நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் குழாயடியில் எங்கள் குடத்தை ஒரு கம்பால் தள்ளி வரிசைக்கு வெளியே வைத்திருந்தார்கள். அம்மா நடுவில் கொண்டுபோய் வைத்தாள். மறுபடியும் தள்ளினார்கள். தள்ளியது யார் என்று எழுதமாட்டேன். உங்கள் அம்மாக்கள்தான். கடைக்காரர் அரிசியைத் தாளில் கொட்டி வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்பட்டர் அப்பாவைப் பார்த்ததும் பெட்டியை மூடினார். கம்பெனி மேஸ்திரி, அப்பாவை அந்தத் தொட்டியில் எட்டு வருஷம் நிறுத்தியவர், வாசலிலேயே மறித்து, "நாளையிலேர்ந்து வராதே. மத்தவனுக்கு ஒட்டிக்கும்" என்றார். பள்ளியில் என்னைக் கதவோரம் ஒரு சாக்கில் தனியாக உட்காரவைத்தார் வாத்தியார், சங்கத்தின் தலைவர். தொட்டால் ஒட்டாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர்தான். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா, மத்த பிள்ளைங்க வீட்டுல சண்டைக்கு வாராங்க" என்றார். நல்லவர்தான். அவருடைய நல்ல மனசு எனக்கு அந்தச் சாக்கைத்தான் கொடுத்தது.

எதிர்வீட்டுப் பெண் எனக்கு உயிர்த்தோழி. என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும், அவள் திரும்பிப் பார்க்காமல் போனதும் எனக்குக் குழாயடியைவிட, கம்பெனி வாசலைவிடப் பெரிதாகப் பட்டது. இரண்டு வாரம் கழித்து, சங்கத்தின் நான்கு பேரும் அவள் வீட்டுக்கு இரண்டாம் தடவையாகப் போனார்கள். அவள் இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறிய தேமல், இறகுக்கும் ஊசிக்கும் அசையாத தேமல். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கம்தான். ஆனால் இருந்தது.

அப்பாவை ஊசிக்கு அனுப்பும் முன்பு பெரிய டாக்டர் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பெருநோய் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் நடந்தே போனோம். போகிற வழியெல்லாம் அப்பா கைகளைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். கங்கை எடுத்துக் காட்டிய கைகள்.

டாக்டர் வயதானவர், மராட்டிக்காரர். அப்பாவின் முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார். காது மடலைத் தடவினார். புருவத்தைப் பார்த்தார். காது மடலில் சிறு கீறல் போட்டு ஒரு கண்ணாடித் துண்டில் தடவி உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்தவர் அப்பாவின் கைகளைத் தன் வெறுங்கையால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது நாளில் என் அப்பாவை வேற்றாள் ஒருவர் தொட்டது அன்றுதான்.

"சம்டே கா காம் கர்தே ஹோ?" என்று கேட்டார். தோல் வேலையா என்று.

"ஹா சாப். குரோம்" என்றார் அப்பா.

டாக்டர் சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இது நோய் இல்லை, உப்பு தின்ற புண், தொட்டியை விட்டால் ஆறிவிடும், தடித்த தோலும் போகப்போக உரிந்துவிடும் என்று நிதானமாக இந்தியில் சொன்னார். அம்மாவுக்காக நான் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அம்மா அவர் காலில் விழுந்தாள். இங்கிலீஷில் நான்கு வரி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அம்மா அதைத் தாலிக்கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே மாமாவும் வாத்தியாரும் வந்தார்கள். மாமா சீட்டைப் படித்தார். "அத்தான்" என்று சொல்லி, சீட்டை வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் வாங்கிப் படித்து, மடித்து, கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

"நான் சொல்றதத் தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "இது தப்புன்னு தெருவுக்குத் தெரிஞ்சா, மத்தவங்களுக்குச் சொன்னதும் தப்புன்னுதான் பேசுவாங்க. ஒருத்தரும் ஊசிக்கு வரமாட்டாங்க. எதிர்வீட்டுக் குழந்தையும் வராது. அதுக்கு நிஜமாவே இருக்கு. ஆறு மாசம் கழிச்சு நானே கூட்டம் போட்டுச் சொல்லிடறேன்."

"ஆறு மாசம் நாங்க தெருவுல எப்படி நடக்க?" என்றாள் அம்மா. "தண்ணிக்கு எங்க போக?"

மாமா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "செம்பூர்ல ஒங்களுக்கு ஒரு ரூம் பாத்திருக்கேன்க்கா."

அம்மா எழுந்தாள். அலமாரியிலிருந்து அந்தப் பூப்போட்ட தட்டை எடுத்தாள். உடைப்பாள் என்று நினைத்தேன். உடைக்கவில்லை. மாமாவின் மடியில் வைத்தாள்.

"ஒனக்கு நான் பல்லு முளைக்காத காலத்துல சோறு மென்னு ஊட்டுனேன்ல. இனி இதத் தூக்கிட்டு எந்த வீட்டுலயாவது போயி நில்லு."

வாத்தியார் போகும்போது அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். அப்பாவும் கூப்பினார். அம்மா அதையும் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அறையில் முதல் ஊசி நாள். இதுதான் உங்கள் வைத்தியசாலையின் முதல் நாள். அதன் நினைவாகத்தான் நீங்கள் மலர் போடுகிறீர்கள். ஆகையால் அன்று நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

காலை ஒன்பது மணி இருக்கும். அறைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர், முக்காடு போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். சூடு பண்ணிய எண்ணெயின் கசந்த வாடை வெளியே வரை வந்தது. எதிர்ப்பக்கம் மொத்தச் சந்தும் வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுப் பெண் தன் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். மாமா ஊசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே வரிசைக்கு முன்னால் போனாள். சீட்டை முடிச்சிலிருந்து அவிழ்த்துத் தூக்கிப் பிடித்தாள்.

"பாத்துக்கிடுங்க எல்லாரும்! பெரிய டாக்டரு குடுத்த சீட்டு. எம் புருஷனுக்கு ஒரு நோயுமில்ல. இந்தா நிக்காகளே, இவுகள மாதிரி இல்ல அவுக. இவன்தான்," மாமாவைக் காட்டினாள், "கோழி ரெக்கையும் குண்டூசியும் வச்சிக்கிட்டு ஒண்ணுந் தெரியாம ஊரக் கெடுத்தான். கேளுங்க, இல்லன்னு சொல்லச் சொல்லுங்க!"

வரிசை கலைந்தது. ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இரண்டு பெண்கள் பின்வாங்கினார்கள். எதிர்வீட்டுக்காரி மகளை இழுத்துக்கொண்டு, "அப்ப எம்மகளுக்கும் பொய்யா? பொய்யால?" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினாள். மாமா கையிலிருந்த ஊசித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அப்பா வந்தார். எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார். அம்மாவின் கையிலிருந்த சீட்டை மெதுவாக வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவ கோவத்துல பேசுதா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்கு இருக்கு. நான் ஊசி போடத்தான் வந்தேன்."

போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

போன கிழவர் திரும்பி வந்தார். எதிர்வீட்டுக்காரி கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு மகளோடு வந்து அவருக்கு முன்னால் நின்றாள். அப்பா தன் கைகளை மறைக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தார்.

மாமாவுக்கு உண்மை தெரியும். அவரே கையில் வாங்கிப் படித்த சீட்டு. அந்த வாசலில் அரைமணி நேரம், ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டு, என் அப்பாவை வெயிலில் நிற்கவிட்டார். ஒரு வார்த்தை, "அத்தான், நீங்க வீட்டுக்குப் போங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஊசி போட்டுக்கொண்டு அழுதபடி வெளியே வந்ததும் அப்பா வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தார். அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, கூட்டம் கலைந்துவிட்டது.

அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. "எனக்கு நீரு இப்படிச் செய்யலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு எட்டு வயசு" என்றார் அப்பா.

"எம் பிள்ளைக்கு ஒம்போது" என்றாள் அம்மா.

இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று கேட்காதீர்கள். சின்ன வயதில் நான் அம்மா பக்கம். இப்போதும் அம்மா பக்கம்தான்.

அந்த வாரமே செம்பூருக்குப் போய்விட்டோம். மாமா பார்த்த அறைக்கு அல்ல, அம்மாவே தேடிப் பிடித்த தகரக் கூரை வீட்டுக்கு. அப்போது செம்பூரில் பாதி சேறு, பாதி கட்டட வேலை. அப்பா செங்கல் சுமந்தார். ஒரு வருஷத்துக்குள் முட்டிப் புண்கள் ஆறின, உள்ளங்கைத் தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. ஒருநாள் அம்மா கொடுத்த டீ டம்ளரைச் சுடுகிறதென்று பட்டென்று கீழே வைத்தார். அம்மா அவரையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "இத அவனுவ பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. டாக்டரின் சீட்டு அந்த மழைக்காலத்தில் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து கூழாகிப்போனது.

ஆறு மாதம் கழித்து வாத்தியார் கூட்டம் போடவில்லை. ஒரு வருஷம் கழித்தும் போடவில்லை. வைத்தியசாலை வளர்ந்தது, நர்ஸ் வந்தாள், பிறகு மாத்திரை வந்தது. வேலை அதிகம், மறந்திருப்பார். மாமா தீபாவளிக்குத் தீபாவளி செம்பூருக்கு வந்து வாசலில் நிற்பார். அப்பா பேசுவார். அம்மா உள்ளேயே இருப்பாள். அப்பா செத்த அன்று வந்து, "எல்லாருக்கும் உண்மையச் சொல்லிருதேன்க்கா" என்று அழுதார். அம்மா அன்றைக்குத்தான் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரோடு பேசினாள். "கேக்க வேண்டியவரு போயிட்டாரு. இனிச் சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன?"

அவர் சொல்லவும் இல்லை. மாமாவின் படத்தை மலரின் முதல் பக்கத்தில் போடுகிறீர்களாம். போடுங்கள். அவரால் விரல் பிழைத்தவர்கள் உண்டு. நான் மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில் எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். அவளாகத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேரன் பேத்தி எடுத்தவள், கை நிறைய வளையல், பத்து விரலும் பத்திரமாக இருந்தன. நான் அந்த விரல்களைத்தான் பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டாள்.

"ஒங்க அப்பாவுக்கு நெசமாவே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எங்க அம்மாவுக்கு எப்பவும் அந்தச் சந்தேகம்தான். ஒங்க அப்பா ஒரு நாளும் ஊசிக்கு வரலையே அப்புறம்." வளையல்களை மேலே தள்ளிக்கொண்டாள். "எனக்கு இருந்துச்சு. ஒங்க அம்மா அன்னைக்கு 'இவுகள மாதிரி இல்ல'ன்னு சொன்னாகல்லா, நான் எங்க அம்மா முந்தானைக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

அப்பாவுக்கு அந்த நோய் இல்லை, இல்லை என்று இத்தனை வருஷமாக நான் யாரிடம் சொன்னபோதும், அது இருந்தவர்களில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"எனக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு நீ சிரிச்சே" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "ஒங்க வாசல்ல நின்னு. எங்க அம்மா அழுதுக்கிட்டு இருந்தா. நான் ஒன்னத்தான் பாத்தேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சின்னப்பிள்ளை, தெரியாமல் செய்தது என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றேன். "சிரிச்சேன்."

பந்தியில் அடுத்த வரிசைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிட்டி" என்றாள். "சாப்புடப் போவோம்."